நூற்று எண்பத்திரண்டு நாட்கள்

மலேசியாவில் என் மனைவிக்குக் கிடைத்த முதலாவது முழுமாதச் சம்பளம், நியமனக் கடிதத்தில் எழுதியிருந்ததைவிடப் பத்தில் மூன்று பங்கு குறைவாக வந்தது. ஏழாயிரம் ரிங்கிட் என்று எழுதியிருந்தார்கள். வங்கிக் கணக்கில் விழுந்தது நாலாயிரத்துத் தொளாயிரம்.

அது செப்ரெம்பர் மாதக் கடைசி. நான் ஸ்கந்தபுரத்தில் காலபோக நெல் விதைப்புக்கு வயலை முதல் உழவு உழுதுவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் அவளுடைய குரல் வழக்கம்போல அமைதியாகத்தான் இருந்தது. பதினான்கு வருடம் அவளோடு வாழ்ந்தவன் என்பதால், அந்த அமைதி எதற்கு என்று எனக்குத் தெரியும். கணக்கு ஒன்று பிழைத்திருக்கிறது, பிழை எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறாள்.

"வரியெண்டு வெட்டிப்போட்டாங்கள்" என்றாள். "கணக்காளரிட்டக் கேட்டனான். வெளிநாட்டு ஆக்களுக்குத் தொடக்கத்தில முப்பது வீதமாம். அதுதான் சட்டமாம்."

"இதை முதலே சொல்லேல்லையோ?"

"நானும் கேக்கேல்லைத்தானே" என்றாள். அது உண்மையல்ல. கேட்டிருந்தாள். கொழும்பிலிருந்த முகவர், கொஞ்சம் பிடிப்பார்கள், அது பெரிய விஷயமில்லை என்று சொல்லியிருந்தார். ஆனால் எந்தப் பிழையையும் முதலில் தன் பக்கத்தில் தேடிப் பார்ப்பது அவளுடைய குணம்.

அவள் அங்கே போனது எப்படி என்று சொல்லவேண்டும். கிளிநொச்சியில் ஒரு அரசாங்கப் பாடசாலையில் அவள் கணித ஆசிரியை. தமிழிலும் ஆங்கிலத்திலும் படிப்பிப்பாள். நான் கமக்காரன். என் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அக்கராயன் குளத்துத் தண்ணீரை நம்பிக் குடியேறியவர். அவர் விட்ட மூன்று ஏக்கரை நான் செய்கிறேன். எங்களுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். உரம் இல்லாமல் வயல் பாதியாய் விளைந்து, அடுத்ததாகப் பெற்றோல் வரிசையில் நாடே நின்ற காலத்தில், அவளுடைய சம்பளம் மாதத்தின் இரண்டாம் கிழமையைத் தாண்டவில்லை. அந்த வருடம்தான் அரச ஊழியர்கள் சம்பளமில்லாத விடுமுறை எடுத்து வெளிநாட்டில் வேலை செய்யலாம் என்று அரசாங்கம் அறிவித்தது. மாதாமாதம் ஒரு குறிப்பிட்ட தொகையை வெளிநாட்டுக் காசாக வங்கிக்கு அனுப்பவேண்டும் என்பது நிபந்தனை.

அவள் அன்றைக்கே சுற்றறிக்கையின் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, சோற்றைப் போட்டாள். இரண்டு நாள் கழித்து நான்தான் கேட்டேன், விண்ணப்பம் போட்டாயிற்றா என்று. போட்டாயிற்று என்றாள். மலேசியாவில் ஏழு சர்வதேசப் பாடசாலைகளுக்கு.

நேர்முகப் பரீட்சை இணையத்தில் நடந்தது. எங்கள் வீட்டில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். அதனால் அவள் தன் பாடசாலையின் விஞ்ஞான கூடத்தில் இருந்து கதைத்தாள். நான் வாசலில் கதிரை போட்டு, பிள்ளைகள் யாரும் உள்ளே ஓடாமல் பார்த்துக்கொண்டேன். பின்னங்களை வகுப்பதைப் பத்து நிமிடத்தில் படிப்பித்துக் காட்டச் சொன்னார்கள். அவள் மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டுபோன ரொட்டியை எடுத்துக் கமராவுக்கு முன்னால் பிய்த்துப் படிப்பித்தாள். மறுபக்கத்தில் இருந்த அதிபர், ஒரு வெள்ளைக்காரர், சிரித்துவிட்டு இன்னொருமுறை செய்து காட்டச் சொன்னது எனக்கு வெளியே கேட்டது. அந்த ரொட்டி நான் சுட்டது. அதைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

வேலை கிடைத்தது. அடுத்த வருடம் ஓகஸ்ட் மாதம் போனாள். வீட்டை நான் பார்ப்பதாகச் சொன்னேன். சொல்வது இலகுவாக இருந்தது. மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயது, இளையவளுக்கு ஒன்பது. விடியச் சமையல், இரண்டு பேருக்கும் தலை பின்னல், மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கூடம், பிறகு வயல், பின்னேரம் ரியூசன். முதல் மாதம் என் குழம்பை இளையவள் வாயில் வைத்துவிட்டு, "அப்பா, இது மருந்தோ?" என்று உண்மையாகவே கேட்டாள்.

இப்படியெல்லாம் ஏற்பாடு செய்து போன இடத்தில்தான் சம்பளத்தில் பத்தில் மூன்று பங்கு காணாமற்போனது.

அந்தப் பாடசாலையில் வெளிநாட்டு ஆசிரியர்கள் பதினைந்து பேரளவில் இருந்தார்கள். எல்லோருக்கும் முதல் வருடம் அப்படித்தான் வெட்டினார்களாம். எல்லோரும் முணுமுணுத்துவிட்டுப் பேசாமல் இருந்தார்களாம். என் மனைவி பேசாமல் இருக்கவில்லை. ஆசிரியர் அறையில் அவளுக்குப் பக்கத்து மேசையில் அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ் ரீச்சர் ஒருவர் இருந்தார். ஓய்வுபெறும் வயதுக்காரர். அவரிடம் கேட்டிருக்கிறாள். அவர் தனக்கும் சரியாகத் தெரியாது, ஆனால் முன்பு ஒரு ஆசிரியர் திருப்பி எடுத்ததாகக் கேள்வி என்று சொல்லியிருக்கிறார். அது போதும் அவளுக்கு. ஒரு சனிக்கிழமை முழுதும் இருந்து அந்த நாட்டு வரித் திணைக்களத்தின் விளக்க அறிக்கைகளை வாசித்தாள். அடுத்த கிழமை அரைநாள் விடுமுறை எடுத்து வரி அலுவலகத்துக்கே போனாள். அங்கே இருந்த பெண்ணும் தமிழ்தான். எங்கள் தமிழ் அவருக்கு விளங்கவில்லை, அவர்கள் தமிழ் இவளுக்கு வேகம். கடைசியில் இருவரும் ஆங்கிலத்தில் கதைத்து முடித்தார்களாம்.

அன்று பின்னேரம் அவள் எனக்கு அதை விளங்கப்படுத்தினாள். நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்டேன். விஷயம் இதுதான். ஒரு வருடத்தில் நூற்று எண்பத்திரண்டு நாளாவது அந்த நாட்டில் இருந்தால், நீங்கள் அந்த நாட்டு வாசிபோல. வரி கொஞ்சம்தான். இருக்காவிட்டால் முப்பது வீதம். அவள் ஓகஸ்டில் போனபடியால் அந்த வருடத்தில் அத்தனை நாள் கிடையாது. ஆனால் சட்டத்தில் ஒரு கதவு இருந்தது. வருடக் கடைசி நாளும் புது வருட முதல் நாளும் அங்கேயே நின்று, அந்தப் புது வருடத்தின் தொடக்கத்திலிருந்து நூற்று எண்பத்திரண்டு நாள் தொடர்ந்து இருந்தால், முதல் வருடத்து ஐந்து மாதத்தையும் அதோடு சேர்த்துக்கொள்வார்கள். வெட்டியதைத் திருப்பித் தருவார்கள். இடையில் வீட்டுக்கு வந்துபோவதென்றால், எல்லாம் சேர்த்துப் பதினான்கு நாள்தான் அனுமதி.

"பதினைஞ்சாவது நாள் நிண்டா?" என்று கேட்டேன்.

"எல்லாம் போச்சு" என்றாள்.

எவ்வளவு என்று கேட்டேன். ஐந்து மாதத்துக்குப் பத்தாயிரம் ரிங்கிட்டுக்கு மேலே என்றாள். எங்கள் காசுக்கு ஏழு லட்சம். நான் கத்தியை வைத்துவிட்டேன். மூன்று ஏக்கரில் ஒரு நல்ல போகம் செய்து, கூலியும் எண்ணெயும் மருந்தும் போக மிஞ்சுவது அதில் பாதிகூட வராது.

அப்போது எங்கள் அலுமாரியில் ஒரு விமானச் சீட்டின் பிரதி இருந்தது. மார்கழி விடுமுறைக்கு, புதுவருடமும் சேர்த்து, அவள் இருபது நாள் வருவதாக இருந்தது. பிள்ளைகள் கலண்டரில் வட்டம் போட்டிருந்தார்கள். அவள் அதைத் தானே பிள்ளைகளிடம் சொல்லவேண்டும் என்றாள். வீடியோவில் இருவரையும் பக்கத்தில் இருத்தி, ஒரு பாடம் நடத்துவதுபோல் எல்லாவற்றையும் சொன்னாள். இளையவள் அழுதாள். மூத்தவள் அழவில்லை. அம்மா, அந்தக் காசு உங்கட காசுதானே, அவங்கள் ஏன் வைச்சிருக்கவேணும் என்று கேட்டாள். அதற்குப் பிறகு சீட்டை ரத்துச் செய்தோம். கட்டிய காசில் பாதிதான் திரும்பி வந்தது.

மார்கழி மழையில் அக்கராயன் குளம் நிரம்பி வான் பாய்ந்தது. அவளில்லாத முதல் புதுவருடம். அங்கே மற்ற ஆசிரியர்கள் எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். அவள் தன் அறையில் தனியே இருந்து அடுத்த தவணைப் பாடங்களை எழுதியதாகச் சொன்னாள். ஜனவரி முதலாம் திகதி காலையில் தொலைபேசி எடுத்து, "முதலாம் நாள்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சிரித்தாள். அதிலிருந்து இளையவள் தினமும் பள்ளிக்கூடம் போகமுன் கலண்டரில் ஒரு நாளைக் கீறுவாள்.

இதற்குள் ஊரில் கதை தொடங்கிவிட்டது. பெண்சாதியை வெளிநாட்டுக்கு அனுப்பிப்போட்டு இவன் குந்தியிருந்து சாப்பிடுகிறான் என்று சொன்னார்கள். கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் ஒருவர் என் காதுபடவே சொன்னார். குந்தியிருந்து சாப்பிட எனக்கு நேரம் இல்லை என்பதைத் தவிர வேறு மறுப்பு என்னிடம் இருக்கவில்லை. "ஓம், அவா என்னைவிடக் கூட உழைக்கிறா" என்றேன். "நாலு வருசம் கம்பஸில படிச்சவா. உழைக்கட்டும்." அவர் வாய்க்கால் துப்பரவு பற்றிக் கதைக்கத் தொடங்கினார்.

இன்னொரு ஆள், தெரிந்தவர்தான், வங்கிக்குப் போகாமல் ஆள்மாறிக் காசு அனுப்பும் உண்டியல் மூலம் எடுத்தால் வங்கியைவிடக் கூடத் தரலாம் என்று வந்தார். இளையவளின் பிறந்தநாளுக்கு ஒரு சைக்கிள் வாங்கும் அளவுக்கு மாதம் வித்தியாசம் வரும். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. அவளிடம் சொன்னேன். தான் எந்த வாக்குறுதியில் விடுமுறை எடுத்தாளோ அந்த வாக்குறுதிப்படி வங்கியில்தான் வரும் என்றாள். அதற்குமேல் கதை இல்லை.

மார்ச் மாதம் முதல் கிழமை மூத்தவள் பெரியபிள்ளையானாள்.

பள்ளிக்கூடத்திலிருந்து என் அக்காவுக்குத்தான் முதலில் சொல்லியிருக்கிறாள். அக்கா வந்து எனக்குச் சொன்னபோது நான் வரம்பில் நின்றேன். எனக்கு முதலில் வந்த நினைப்பு, இது அவள் பக்கத்தில் இல்லாத நேரம் நடக்கவேண்டுமா என்பது. நான் தொலைபேசி எடுக்கமுன் அவளே எடுத்தாள். மகள் அவளுக்கும் சொல்லியிருந்தாள். அன்றுதான் அவள் அழுது நான் கேட்டேன். அங்கே போனபிறகு அது ஒருதரம்தான்.

அவளுடைய அண்ணன், என் மச்சான், நெடுங்கேணியில் இருக்கிறார். உழவு மெசின் வைத்திருக்கிறார். தாய்மாமன் என்பதால் சாமத்தியச் சடங்கில் பிள்ளைக்குத் தண்ணீர் வார்ப்பதில் முதல் உரிமை அவருக்கு. மறுநாளே பஸ் ஏறி வந்து முற்றத்தில் நின்றார். உடனே அவள் வரவேண்டும், ஒரு மாதம் நிற்கவேண்டும் என்றார். வரிக் கதையைச் சொன்னேன். அவருக்கு அது காதில் ஏறவில்லை.

"பிள்ளை பெரிசானதுக்கு நாள் எண்ணி வாற தாயை நான் இண்டைக்குத்தான் காணுறன், மச்சான்" என்றார். "அவள் பதினாலு நாளெண்டு நிண்டா, நான் தண்ணி வார்க்க வரமாட்டன். வேற ஆளைப் பாரும்."

நான் அவரோடு சண்டை பிடிக்கவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். குடிக்காமல் போய்விட்டார். உள்ளே, தனி அறையில் இருந்த மூத்தவளுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. கதவுக்குள் நின்றபடி கூப்பிட்டாள்.

"அப்பா, அம்மா பதினொரு நாள் நிண்டாக் காணும். மூண்டு நாளைக் கையில வைச்சிருக்கச் சொல்லுங்கோ. பிளேன் பிந்தினாலும் எண்டு."

இதை அப்படியே என் மனைவிக்குச் சொன்னேன். "ஆர் சொன்னது, மூத்தவளோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். ஏப்ரலில் அவளுடைய பாடசாலைக்கு இரண்டு கிழமை விடுமுறை. சித்திரை வருடப் பிறப்புக்கு அடுத்த நாட்களில் நல்ல நாள் ஒன்று பார்த்தோம். பதினொரு நாளுக்குச் சீட்டு எடுத்தாள்.

கட்டுநாயக்கவில் நான் அவளைக் கண்டபோது ஒரு கணம் வேறு யாரோ என்று நினைத்தேன். மெலிந்திருந்தாள். நிமிர்ந்து நடந்தாள். கையில் ஒரு பை, அதற்குள் பிள்ளைகளுக்கு உடுப்பும் திருத்தவேண்டிய பரீட்சைத் தாள்களும். வவுனியாவைத் தாண்டி வரும்போது நாங்கள் பிடித்த வாடகை வானுக்குள் இருந்தே பத்துத் தாள் திருத்திவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு பிள்ளைகளையும் அணைத்துக்கொண்டு அவள் இருந்த நேரத்தில், நான் குசினிக்குள் போய் வேலை இருப்பதுபோல் நின்றேன்.

சாமத்தியவீட்டை எங்கள் வீட்டு முற்றத்திலேயே கொட்டகை போட்டு வைத்தோம். மச்சான் வருவாரா என்று கடைசிவரை தெரியாது. என் மனைவி தானே நெடுங்கேணிக்குப் பஸ்ஸில் போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அங்கே என்ன கதைத்தார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்று காலை எட்டு மணிக்கு முன்னமே அவர் தேங்காய்களும் மாமன் சீரும் கொண்டு வந்து இறங்கினார். முகம் நேராக இல்லை. ஆனால் தண்ணீர் வார்த்தார்.

சாப்பாட்டுப் பந்தி முடிந்து ஆட்கள் கதிரைகளை இழுத்துப் போட்டு இருந்த நேரம், அவருக்குப் பொறுக்கவில்லை. பத்துப் பேருக்கு முன்னால் கேட்டார். சொந்தப் பிள்ளையின் காரியத்துக்கும் கணக்குப் பார்த்து வந்தவள் என்று ஊர் சொல்கிறதே, அதற்கு என்ன சொல்கிறாய் என்று.

என் மனைவி சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு அவருக்கு முன்னால் இருந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அண்ணா, நான் கணக்கு ரீச்சர். கணக்குப் பாக்கிறதுதான் என்ர வேலை. அவங்கள் என்ர காசை வைச்சிருக்கிறாங்கள். நான் பிச்சை கேக்கேல்லை, சட்டத்தில உள்ளதைக் கேக்கிறன். அதுக்கு நான் விடுற நாளெல்லாம் என்ர பிள்ளையளின்ர நாள். அது எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறியளோ?"

மூத்தவள் நகையும் பட்டுச் சேலையுமாக அந்தப் பக்கம் வந்து, தாயின் கதிரைக்குப் பின்னால் நின்றாள். அவ்வளவுதான். மச்சான் எழுந்து போய், மீந்த வடைகளைப் பெட்டியில் போட உதவினார்.

பதினோராம் நாள் அவள் வெளிக்கிட்டபோது பெட்டியைத் தூக்கி வானில் வைத்தவர் அவர்தான். மச்சானும் கட்டுநாயக்கவரைக்கும் வந்தார். வழியில் தம்புள்ளைக்கு இப்பால் வானின் சில்லுக்குக் காற்றுப் போய், ஒன்றரை மணித்தியாலம் வெயிலில் நின்றோம். பதற்றப்பட்டது நானும் மச்சானும்தான். அவள் ஒரு மரத்தடியில் இருந்து மிச்சத் தாள்களைத் திருத்தினாள். மூன்று நாள் கையில் இருக்கிறது, இன்றைக்குப் பிந்தினாலும் பாதகமில்லை என்றாள். பிந்தவில்லை.

ஜூன் மாதம் நடுவில் அங்கே பாடசாலை மூடினார்கள். மற்றவர்கள் எல்லோரும் பறந்துபோனார்கள். அவள் மட்டும் இன்னும் நிற்கவேண்டியிருந்தது. ஜூலை இரண்டாம் திகதி சீட்டு என்று பார்த்து வைத்திருந்தாள். ஒருநாள் இளையவள் கலண்டரோடு தொலைபேசிக்கு முன்னால் வந்து, இந்த வருடம் பெப்ரவரிக்கு இருபத்தொன்பது நாள், ஜூன் முப்பதாம் திகதியோடு நூற்று எண்பத்திரண்டு முடிகிறது, அம்மா ஏன் ஒரு நாள் வீணாக நிற்கிறா என்று கேட்டாள். நானும் என் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்தோம். கணித ஆசிரியைக்கு அந்த நாள் தவறியிருந்தது. அவள் இரண்டுமுறை எண்ணிப் பார்த்தாள். பிறகு, "என்ர பிள்ளை" என்றாள். ஜூலை முதலாம் திகதிக்குச் சீட்டு எடுத்தாள்.

அந்த விடுமுறையில் ஆறு கிழமை வீட்டில் நின்றாள். இனி நாள் எண்ணத் தேவையில்லை. என் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, நல்லாயிருக்கு என்றாள். இளையவளைப் பார்த்தேன், அவள் தலையாட்டினாள்.

திரும்பிப் போனதும் கடவுச்சீட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் பிரதி எடுத்து, வந்த நாள் போன நாள் எல்லாவற்றையும் ஒரே தாளில் அட்டவணையாக எழுதி, வரி அலுவலகத்தில் கொடுத்தாள். அதே தமிழ்ப் பெண்தான் வாங்கினாராம். அட்டவணையை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்துவிட்டு, வழக்கமாக ஆட்களிடம் இரண்டு மூன்று முறை திருப்பிக் கேட்கவேண்டியிருக்கும், உங்களிடம் கேட்க ஒன்றும் இல்லை என்றாராம். இதை எனக்குச் சொல்லும்போது அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் இரண்டு தரம் சொன்னாள்.

நவம்பரில் காசு வந்தது. பத்தாயிரத்து நூறு ரிங்கிட்டும் சில்லறையும். புது வருடத்தில் வெட்டியதற்குத் தனியாகக் கணக்குப் பார்த்து அதையும் பிறகு தந்தார்கள்.

அதோடு அவள் நிற்கவில்லை. பிலிப்பைன்ஸிலிருந்து வந்த விஞ்ஞான ரீச்சர் ஒருவருக்கும், தென்னாபிரிக்காவிலிருந்து வந்த ஒருவருக்கும் அதே மாதிரி அட்டவணை செய்து கொடுத்தாள். அவர்களுக்கும் வந்தது. இன்னொருவர், கேரளத்துக்காரர், ஒரு கலியாணத்துக்காகப் பதினேழு நாள் ஊருக்குப் போயிருந்தார். அவருக்கு ஒன்றும் செய்யமுடியவில்லை. அவர் வந்து கேட்டபோது இல்லை என்று சொல்வதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது என்றாள். அதற்குப் பிறகு பாடசாலைக் கணக்காளரே அவளிடம் அந்த விளக்கத்தை ஒரு பக்கத்தில் எழுதித் தரும்படி கேட்டார். இப்போது புதிதாகச் சேரும் ஒவ்வொரு ஆசிரியருக்கும் நியமனக் கடிதத்தோடு அந்தப் பக்கமும் போகிறது. அதன் அடியில் அவளுடைய பெயர் இல்லை. எனக்கு அது கொஞ்சம் மனக்குறை. அவளுக்கு இல்லை.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரம் அவள் இன்னொன்றும் செய்தாள். பக்கத்து வகுப்பில் அதே கணிதத்தை அதே வகுப்புக்குப் படிப்பிக்கும் இங்கிலாந்துக்காரருக்கு வீட்டு வாடகையும் வருடத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போகச் சீட்டும் கொடுத்தார்கள். இவளுக்கு இரண்டும் இல்லை. தன் மாணவர்களின் பெறுபேறுகளை எடுத்துக்கொண்டு அதிபரிடம் போனாள். அதிபர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி மூன்று கிழமை இழுத்தார். பிறகு சீட்டும் பாதி வாடகையும் தந்தார். முழுதாகத் தரவில்லை. அந்தப் பாதி வாடகையை ஏற்றுக்கொள்ளும் கடிதத்தில் கையெழுத்துப் போடும்போதே, மீதிக்கு அடுத்த வருடம் வருவேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறாள். கேட்கும்போது எனக்கு உள்ளுக்குள் பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

நெடுங்கேணியில் மச்சான் இப்போது வேறு கதை சொல்லிக்கொண்டு திரிகிறார். போன மாதம் அங்கே ஒரு கடையில் நான் உழவு மெசின் சாமான் வாங்கிக்கொண்டு நின்றேன். கடைக்காரர் என்னைக் கண்டதும், உங்கட மனுசிதானே மலேசியா அரசாங்கத்திட்ட வரிக் காசைத் திருப்பி வாங்கினது என்று கேட்டார். எப்படித் தெரியும் என்றேன். மச்சான் பஸ் நிலையத்தில் வைத்து எல்லோருக்கும் சொன்னாராம். என் தங்கச்சி சட்டம் படிச்சு அவங்களையே மடக்கினவள் என்று.

சேமிப்புப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்த முறை விடுமுறைக்கு வந்து நின்றபோது, அந்த வரிக் காசையும் அவள் மிச்சம்பிடித்ததையும் சேர்த்து நிரந்தர வைப்பில் போடுவதற்காகக் கிளிநொச்சியில் வங்கிக்குப் போனோம். படிவத்தை நிரப்பிய பெண் உத்தியோகத்தர் என்னைப் பார்த்து, ஐயாவின் பெயரையும் சேர்க்கவா என்று கேட்டார். பழக்கத்தில் கேட்டதுதான்.

"வேண்டாம் பிள்ளை" என்றேன். "அவாவின்ர பேரிலயே இருக்கட்டும். அவாவின்ர உழைப்பு."

என் மனைவி பேனாவைப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஏதாவது ஆகிவிட்டால் பிள்ளைகளுக்கு இலகுவாக இருக்குமே என்றாள். அதற்கு வாரிசுப் பெயர் எழுதும் இடம் இருக்கிறது, அங்கே பிள்ளைகளின் பெயரைப் போடும் என்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு தன் பெயரை மட்டும் எழுதினாள். வாரிசு என்ற இடத்தில் இரண்டு பிள்ளைகளின் பெயரையும் எழுதி, என்னைக் கேட்காமல் மூன்றாவதாக என் பெயரையும் எழுதினாள்.

வங்கியை விட்டு வெளியே வந்து, கண்டி வீதியைக் கடந்து, எதிர்ப்பக்கக் கடையில் ஐஸ்கிறீம் வாங்கினோம். அவள்தான் காசு கொடுத்தாள். பக்கத்து மேசையில் கமக்காரர் அமைப்பில் என்னோடு இருக்கும் ஒருவர் தன் மகனோடு வந்திருந்தார். நான் எழுந்து போய் என் மனைவியை அவருக்கு அறிமுகப்படுத்தினேன். அவருக்கு அவளை முன்னமே தெரியும். ஆனாலும் அறிமுகப்படுத்தினேன்.